கற்றல் குறைபாட்டைக் குணமாக்கும் உரிமை யாருடையது?

கற்றல் குறைபாடு பற்றிப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் இன்று நிலவும் கருத்து ஏறக்குறைய ஒன்றுதான். வாசிப்பு வராத டிஸ்லெக்சியா, எழுத வராத டிஸ்கிராஃபியா, கணக்கு வராத டிஸ்கால்குலியா ஆகியவை குழந்தையின் மூளையில் உள்ள கோளாறுகள். கோளாறு என்றால் அதற்குச் சிகிச்சை இருக்கும், இல்லாவிட்டால் சீக்கிரம் வரும். சிகிச்சை இருக்கும்போது அதைக் கொடுத்துவிட வேண்டியது பெற்றோரின் கடமை, பிள்ளையிடம் விருப்பம் கேட்க அதில் ஒன்றுமில்லை. இக்கருத்துக்கு வலுவான வாதம் ஒன்றும் துணை நிற்கிறது. படிக்க வராமல் வளர்வதால் என்னென்ன கைவிட்டுப் போகும் என்பது எட்டு வயதில் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. தெரியாதவரிடம் சம்மதம் கேட்பது பெரியவர்கள் தங்கள் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். குழந்தை அழுகிறதே என்று தடுப்பூசியை யாரும் திருப்பி எடுத்துக்கொண்டு போவதில்லை.

இந்த வாதத்தில் உள்ள அக்கறை உண்மையானது. அது நிற்கும் தரைதான் சரியில்லை. குணமாக்க வேண்டிய நோய் என்று அது எதைச் சொல்கிறதோ அது நோயாக இல்லை; சிகிச்சை என்று அது நம்புபவற்றில் பல சிகிச்சையாக இல்லை; பலன் தரும் ஒரே வழியோ பிள்ளையின் சம்மதம் இல்லாமல் வேலையே செய்யாது.

குணமாக்குதல் என்ற எண்ணம் இந்தத் துறைக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1877-இல் அடோல்ஃப் குஸ்மாவுல் என்ற ஜெர்மன் மருத்துவர் ‘சொற்குருடு’ என்று ஒரு நிலையை விவரித்தார். 1887-இல் ஸ்டுட்கார்ட் நகரக் கண் மருத்துவர் ருடோல்ஃப் பெர்லின் டிஸ்லெக்சியா என்ற பெயரைக் கொடுத்தார். இருவரும் கண்டவர்கள் வயது வந்தவர்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்து, மூளை பாதிக்கப்பட்டதால் அந்தத் திறனைப் பறிகொடுத்தவர்கள். பறிபோனதை மீட்பதைக் குணமாக்குதல் என்று சொல்வதில் பிழையில்லை. 1896-இல் இங்கிலாந்தின் சீஃபோர்ட் என்ற ஊரின் மருத்துவர் பிரிங்கிள் மார்கன், இதே விளக்கத்தை 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பொருத்தி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அந்தச் சிறுவன் எதையும் பறிகொடுக்கவில்லை. அவனுக்கு வாசிப்பு ஆரம்பத்திலிருந்தே வரவில்லை, அவ்வளவுதான். அடிபட்டவருக்குத் தைத்த சட்டையை அடிபடாதவனுக்குப் போட்டுவிட்டார்கள். அது இன்றுவரை கழற்றப்படவில்லை.

அந்தக் கட்டுரையிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுக்குக் கற்பித்த ஆசிரியர் கருதியதை மார்கன் பதிவு செய்திருக்கிறார். ஒரே சிறுவனைப் பார்த்து மருத்துவர் பிரச்சினையை மூளையில் கண்டார். ஆசிரியர் அதைப் பாடம் நடத்தும் முறையில் கண்டார். பின்வந்த நூறு ஆண்டுகளில் மருத்துவரின் பார்வை வளர்ந்து பெருகியது. ஆசிரியரின் பார்வையை யாரும் பெரிதாகத் தொடரவில்லை.

மூளையில் வேறுபாடே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. டிஸ்லெக்சியா குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. 2022-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, டிஸ்லெக்சியா இருப்பதாகக் கண்டறியப்பட்டதாகத் தெரிவித்த 51,800 பெரியவர்களின் மரபுத் தகவலை அலசி, தொடர்புடைய 42 இடங்களைக் கண்டது. இந்த எண்ணிக்கையே ஒரு பதில். ஒரு மரபணு பழுதாகி அதனால் ஒரு நோய் வந்திருந்தால், பழுதைச் சரிசெய்வதைப் பற்றிப் பேசலாம். இங்கே பல இடங்களில் பரவிக் கிடக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள், ஒவ்வொன்றும் துளியளவு பங்களித்து, ஒன்று சேர்ந்து ஒருவரின் வாசிப்பை மெதுவாக்குகின்றன. உயரத்தைப் போல இதிலும் ஒரு கோடு கிழித்துக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களைக் ‘குறைபாடு உடையவர்கள்’ என்கிறோம். கோடு எங்கே என்பதைத் தீர்மானிப்பது தேர்வும் சான்றிதழும்தான்.

வேறுபாடு மூளையில் இருந்தாலும் அது எவ்வளவு தூரம் இடைஞ்சலாக மாறுகிறது என்பதை எழுத்துமுறை தீர்மானிக்கிறது. 2001-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளின் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்டது. வாசிக்கும்போது மூவரின் மூளையிலும் ஒரே பகுதியில்தான் செயல்பாடு குறைந்திருந்தது. ஆனால் இத்தாலியர்கள் மற்ற இருவரைவிடப் பிழை குறைவாக வாசித்தார்கள். இத்தாலிய மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு நேரானது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துத் தொடர் ஒரு சொல்லில் ஒரு ஒலியும் அடுத்த சொல்லில் வேறு ஒலியும் தரும். 1999-இல் பதிவான இன்னொரு நிகழ்வு இதைவிடக் கூர்மையானது. ஜப்பானில் வளர்ந்த, ஆங்கிலம் பேசும் பெற்றோரின் 16 வயது மகன் ஆங்கிலம் வாசிப்பதில் கடுமையாகத் திணறினான். ஜப்பானிய மொழியிலோ தன் வயது மாணவர்களுக்குச் சற்றும் குறையாமல் படித்தான். ஒரே பையன், ஒரே மூளை. ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் நோயாளி, ஜப்பானியப் புத்தகத்தைத் திறந்தால் இல்லை என்றால், நோய் பையனிடம் மட்டும் இருப்பதாகச் சொல்ல முடியாது.

தமிழ் எழுத்தும் இந்தக் கணக்கில் வருகிறது. தமிழை எழுதியபடியே வாசிக்கலாம் என்பது பொதுவான பெருமிதம். தொடக்க வாசகரான பிள்ளையின் கண்ணால் பார்த்தால் அது அவ்வளவு நேரானதில்லை. ‘கொக்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இடமிருந்து வலமாகக் கண் முதலில் சந்திப்பது ஒற்றைக் கொம்பு, அடுத்து க, அதற்கடுத்து கால். காதில் விழும் வரிசையோ முதலில் க், பிறகு ஒ. ஒலிக்குப் பின்னால் வரவேண்டிய குறி, எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது; அதன் மற்றொரு பாதி பின்னால் நிற்கிறது. ‘கார்’ என்று எழுதினால் காலும் ரகரமும் பக்கத்துப் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகள்போல நிற்கும். புள்ளி மட்டும்தான் வித்தியாசம். ஒரே ‘க’ காகத்தின் முதலில் ஒரு மாதிரியும் நடுவில் வேறு மாதிரியும் ஒலிக்கும். வீட்டில் ‘வந்துட்டான்’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்தில் ‘வந்துவிட்டான்’ என்பதைச் சந்திக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். சிலருக்கு ஒவ்வொன்றும் ஒரு வேலி. அந்தச் சிலரில் கணிசமானோர் இன்று ஆங்கில வழியில் சேர்க்கப்பட்டு, இந்த வேலிகளோடு ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சேர்த்துத் தாண்டவேண்டியிருக்கிறது. எந்த வழியில் படிப்பது என்பதையும் யாரும் அந்தப் பிள்ளையிடம் கேட்டதில்லை. பிள்ளைக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று வாதிடுபவர்கள், தாங்கள் எடுத்த முடிவுகள்தான் குறைபாட்டின் கனத்தைக் கூட்டியிருக்கின்றன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சிகிச்சை. டிஸ்லெக்சியாவைப் போக்கும் மருந்து எதுவும் இன்றில்லை. 1980-களில் பிராசிடாம் என்ற மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். அது நிலைபெற்ற சிகிச்சையாக வளரவில்லை. மருந்து இல்லாத இடத்தை வேறு பொருள்கள் நிரப்பின. வண்ணக் கண்ணாடி அணிந்தால் எழுத்து நடனமாடுவது நிற்கும் என்பது 1980-களில் அமெரிக்காவில் கிளம்பிய ஒன்று. பிள்ளையை மறுபடி தவழ வைத்து மூளையின் வளர்ச்சியை ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்ப்பது இன்னொன்று; இதற்கு எதிராக அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1968 முதல் திரும்பத் திரும்ப எச்சரித்து வந்திருக்கிறது. அதே அகாடமி கண் மருத்துவ அமைப்புகளுடன் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட அறிக்கை, கண் பயிற்சியும் வண்ணக் கண்ணாடியும் கற்றல் குறைபாட்டுக்கு உதவும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை என்றது. பிரிட்டனில் சிறுமூளையைச் சீர்படுத்துவதாகச் சொல்லிச் சமநிலைப் பலகையும் பந்துப் பயிற்சியும் கொடுத்த டோர் திட்டம் பெரும் விளம்பரத்தோடு பரவி, 2008-இல் நிறுவனம் நொடித்ததோடு சரிந்தது. அதற்கு ஆதரவான ஆய்வைப் பிரசுரித்த இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து சிலர் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார்கள்.

இவற்றுக்கெல்லாம் வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம் ஒன்று உண்டு. ‘பலிக்காவிட்டாலும் கெடுதல் இல்லையே, முயன்று பார்த்தால் என்ன?’ கெடுதல் உண்டு. பள்ளி விட்டு நான்கு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளை, பால் குடித்த கையோடு ஒரு மையத்துக்குப் போய் ஒரு மணி நேரம் பந்து பிடிக்கிறது. பிறகு டியூஷன். அதன் பிறகு, வகுப்பில் முடிக்காத பாடத்தை எழுதி முடிக்கும் வேலை. மற்றப் பிள்ளைகள் அரை மணியில் முடிப்பது இதற்கு இரண்டு மணி எடுக்கும். தெருவில் விளையாட்டு முடிந்து மற்றவர்கள் வீட்டுக்குள் போகும் நேரத்தில்தான் இது நோட்டை மூடுகிறது. பணம் போவது பெற்றோருக்கு. மாலைப் பொழுது போவது பிள்ளைக்கு. அதைவிடப் பெரிய கெடுதல், பலிக்காதபோது தோல்வி யார் தலையில் விழுகிறது என்பதில் இருக்கிறது. மையத்தில் யாரும் எங்கள் முறை தவறு என்று சொல்வதில்லை. பிள்ளை ஒழுங்காகச் செய்யவில்லை என்பார்கள். படிப்பில் தோற்ற பிள்ளை குணமாவதிலும் தோற்றுப்போகிறது.

இனி பலன் தரும் வழி. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவைப் படிப்படியாக, வெளிப்படையாக, திரும்பத் திரும்பக் கற்பிப்பதுதான் அது. சாமுவேல் ஆர்டன், அன்னா கில்லிங்ஹாம் இருவர் பெயரால் 1930-களிலிருந்து வளர்ந்த முறையின் சாரம் இதுவே. 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கையும் முறையான ஒலிவழிக் கற்பித்தலின் பலனை உறுதி செய்தது. தமிழில் இதைச் செய்யும் சிறப்பாசிரியர் ‘கொ’ என்பதைக் கரும்பலகையில் ஒரேயடியாக எழுதிக் காட்டமாட்டார். முதலில் க், அதை வாயால் சொல்ல வைப்பார். பிறகு ஒ, இரண்டையும் சேர்த்துச் சொல்ல வைப்பார். அதன் பிறகே கொம்பையும் காலையும் வெவ்வேறு நிற அட்டையில் கொடுப்பார்; பிள்ளையே தன் கையால் ‘க’வின் இரு பக்கமும் வைக்கும். மணலில் விரலால் எழுதும், எழுதும்போதே ஒலியைச் சொல்லும். இதில் மருத்துவம் எங்கும் இல்லை. நல்ல கற்பித்தல் இருக்கிறது, அது மெதுவாக நடக்கிறது. இப்படிக் கற்றவர்களில் பலர் சரியாக வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் வேகம் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் குறைவாகவே இருக்கும். டிஸ்லெக்சியா போய்விடுவதில்லை. அது இருந்தபடியே வாசிப்பு வருகிறது.

தனிநபர் விருப்பத்தை உயர்த்திப் பேசும் மறுதரப்பும் இங்கேதான் வழுக்குகிறது. மூளைகள் பலவிதம், யாரையும் மாற்றக்கூடாது, பிள்ளையை அதன் போக்கில் விடுங்கள் என்ற குரல் 1990-களின் இறுதியிலிருந்து வலுப்பெற்றிருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே பேசத் தொடங்கியபோது எழுந்த அந்தக் குரல் அங்கே நியாயமானது. அதை அப்படியே வாசிப்புக்குக் கொண்டுவந்து, பயிற்சியே வேண்டாம் என்று சொன்னால் விளைவு வேறு. வாசிக்கக் கற்பதால் பிள்ளை வேறு ஆளாக மாறிவிடுவதில்லை. மருந்துச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வாக்குச் சீட்டு, காதல் கடிதம் எல்லாவற்றையும் பிறர் உதவியின்றிப் பார்க்கும் ஆற்றல் அதற்குக் கிடைக்கிறது. 6 முதல் 14 வயது வரை கல்வி பெறுவது 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு பிள்ளையின் உரிமை. விருப்பத்துக்கு மதிப்பளிக்கிறோம் என்ற பெயரில் அந்த உரிமையைக் கொடுக்காமல் விடுவது பள்ளிகளுக்கு வசதியான சோம்பல். சிறப்பாசிரியரை நியமிக்கும் செலவும் மிச்சமாகிறது.

இதே தரப்பின் இன்னொரு பழக்கம், குறைபாட்டை வரமாக்குவது. ஐன்ஸ்டைனுக்கு டிஸ்லெக்சியா என்று மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. 2007-இல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படம் இந்தியாவில் லட்சக்கணக்கான பெற்றோருக்கு டிஸ்லெக்சியா என்ற சொல்லையே அறிமுகப்படுத்தியது. சிறுவன் ஓவியப் போட்டியில் வெல்வது பலருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முன் ஆசிரியர் அவனுக்கு மணலும் களிமண்ணும் கொடுத்துப் பொறுமையாக எழுத்தைக் கற்பிக்கும் காட்சிகள் அவ்வளவாக நினைவில் இல்லை. அவமானப்படாமல் இருக்க ஒரு பிள்ளை மேதையாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை, வரம் என்ற பேச்சுக்குள் ஒளிந்திருக்கிறது. ஓவியமும் வராத, கணினியும் வராத, சாதாரணப் பிள்ளைக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

ஆகவே எழுத்தறிவு கொடுக்கப்பட வேண்டியது. பிறகு எதில்தான் பிள்ளையின் விருப்பம்? எப்படி, எப்போது, எவ்வளவு, யார் முன்னால், எதுவரை என்பதில். தடுப்பூசி உவமை உடைவது இந்த இடத்தில்தான். ஊசி மருந்துக்குக் குழந்தையின் ஒத்துழைப்பு தேவையில்லை. அழுதாலும் சிரித்தாலும் அது உடம்பில் தன் வேலையைச் செய்யும். வாசிப்புப் பயிற்சி மாதக்கணக்கில், பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் நீளும். ஒவ்வொரு நாளும் பிள்ளை தனக்கு மிகக் கடினமான காரியத்தை மறுபடி முயலவேண்டும். மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒலி பிரித்துக் காட்டுவது வீண் என்பதை எந்தச் சிறப்பாசிரியரும் சொல்வார். அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் ஒரு கையெழுத்து. இங்கே சம்மதம் இல்லாவிட்டால் பயிற்சியே நடப்பதில்லை.

சட்டமும் பிள்ளையை இவ்வளவு எளிதாக ஒதுக்கவில்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு, காப்பாளர் சம்மதத்துடன் செய்யப்படும் செயல் குற்றமாகாது என்பது இந்திய தண்டனைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. இதைக் காட்டிப் பெற்றோருக்கு முழு அதிகாரம் என்பார்கள். அந்தப் பிரிவு, உதவி செய்தவரைக் குற்றவழக்கிலிருந்து காக்கும் ஏற்பாடு மட்டுமே. பிள்ளையைக் கேட்காதே என்று அது சொல்லவில்லை. கேள் என்று சட்டம் வேறிடத்தில் சொல்லியிருக்கிறது. இந்தியா 2007-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 7-ஆம் உறுப்பு, பிள்ளைகள் தங்களைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கிடைக்கவும் உரிமை தருகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 4-ஆம் பிரிவில் இதை உள்நாட்டுச் சட்டமாக்கியது. கற்றல் குறைபாட்டை 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்ததும் அதே சட்டம்தான். சலுகைக்காக அந்தச் சட்டத்தைத் தேடிப் போகிறவர்கள் 4-ஆம் பிரிவைப் புரட்டாமல் கடந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தின் அனுபவமும் இங்கே பாடமாகும். 1985-இல் கில்லிக் வழக்கில் பிரபுக்கள் சபை, 16 வயது நிரம்பாதவர்கூடப் போதிய புரிதல் இருந்தால் தாமே சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம் என்றது. 1990-களின் தொடக்கத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு ஒரு வால் ஒட்டியது: சம்மதிக்கலாம், ஆனால் மறுத்தால் அந்த மறுப்பை நீதிமன்றம் மீறலாம். சரி என்று சொல்லும் அளவுக்கு அறிவுள்ள பிள்ளை, வேண்டாம் என்று சொன்னதும் அறிவிலியாகிவிடுகிறது. உயிருக்கு ஆபத்தான நிலைகளில் அந்த வாலுக்கு ஒரு நியாயம் இருக்கலாம். எழுத்துப் பிழையால் யாரும் சாவதில்லை. இருந்தும் நம் வீடுகளில் நடப்பது இதே தர்க்கம்தான்.

மாத்திரை வரும்போது கேள்வி இன்னும் கடினமாகிறது. கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளில் பலருக்குக் கவனச்சிதறலும் சேர்ந்திருக்கும். அதற்கு மருந்து உண்டு. அது வேலையும் செய்கிறது. 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் பென்சிட்ரின் என்ற மருந்தைக் கொடுத்த பிள்ளைகளில் பலர் பாடத்தில் திடீரென்று ஊன்றியதைக் கண்டார். 1944-இல் சிபா நிறுவன வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் தயாரித்த மெத்தில்ஃபெனிடேட், அவர் மனைவி ரீட்டாவின் பெயரால் ரிட்டலின் ஆகி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பசி குறையும், தூக்கம் கெடலாம். சில பிள்ளைகள் ‘நான் நானாக இல்லை’ என்பார்கள். சிலர் முதன்முறையாகத் தலைக்குள் அமைதி கிடைத்ததாகச் சொல்வார்கள். வாசிப்புக் கோளாற்றை இது போக்காது, உட்கார உதவும். நிலவும் கருத்தை மறுப்பதற்காக இந்த மருந்தையும் பழிக்க வேண்டியதில்லை. விழுங்கினால் சில மணி நேரத்தில் விளைவு தெரியும், நிறுத்தினால் போய்விடும் என்ற இந்த இயல்பே பிள்ளையின் விருப்பத்துக்கு வழி திறக்கிறது. போட்டுப் பார்க்கலாம், எப்படி இருக்கிறது என்று கேட்கலாம், மருத்துவரைக் கேட்டு நிறுத்தலாம், மறுபடி தொடங்கலாம். திருப்பிவிட முடியாத சிகிச்சைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. பிள்ளை சொல்வதைத்தான் யாரும் குறித்துக்கொள்வதில்லை; ஆசிரியரின் ‘இப்போது பரவாயில்லை, அமைதியாக இருக்கிறான்’ என்பதே மருந்தின் அளவை முடிவு செய்கிறது. அமைதி யாருக்குத் தேவைப்பட்டது என்ற கேள்வி எழுவதில்லை.

‘உன் நல்லதுக்குத்தான்’ என்ற வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களின் வரலாறு சாட்சி. 1994-இல் புனேயின் அரசு மருத்துவமனை ஒன்றில், ஷிரூர் காப்பகத்தைச் சேர்ந்த அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண்களுக்குக் கருப்பை நீக்க அறுவை செய்யப்பட்டது. மாதவிடாய் நேரத்துச் சுகாதாரத்தை அவர்களால் பார்த்துக்கொள்ள முடியாது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. பார்த்துக்கொள்வதில் சிரமம் யாருக்கு இருந்ததோ அவர்கள்தான் முடிவெடுத்தார்கள். 2009-இல் சண்டிகர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வேறு திசையில் நின்றது. லேசான அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண்ணின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவை, அவர் குழந்தையைப் பெற விரும்புகிறார் என்பதற்காக அது நீக்கியது. அறிவுத்திறன் குறைபாட்டிலேயே விருப்பத்துக்கு இவ்வளவு எடை உண்டென்றால், அறிவில் எந்தக் குறையும் இல்லாத, எழுத்து மட்டும் தாமதமாக வரும் பதினைந்து வயது மாணவனின் சொல்லுக்கு எடையே இல்லை என்பது எந்த நியாயத்தில் சேரும்?

நாளை உண்மையாகவே குணமாக்கும் மருந்து வந்தால்? அப்போதாவது எல்லோரும் ஏற்பார்கள் என்று நிலவும் கருத்து எடுத்துக்கொள்கிறது. டவுன் சின்ட்ரோம் விஷயத்தில் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2014-இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், முடியுமானால் பிள்ளையைக் குணமாக்குவீர்களா என்று கேட்டதற்குப் பெற்றோரில் பாதிக்கும் மேற்பட்டோர் உறுதியாக ஆம் என்று சொல்லவில்லை. மாட்டோம் என்றவர்களும் தெரியவில்லை என்றவர்களும் அவர்களில் அடக்கம். பெற்றோருக்கே இவ்வளவு தயக்கம் இருக்கும்போது பிள்ளைகளின் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது. டிஸ்லெக்சியாவோடு வளர்ந்து முப்பது வயதில் தொழிலும் குடும்பமுமாக இருப்பவர் அந்த மருந்தை வாங்கலாம், வேண்டாம் என்றும் விடலாம். இரண்டும் அவர் முடிவு. அதுவரை காத்திருக்க முடியாத அவசரம் வாசிப்பைக் கற்பிப்பதில்தான் இருக்கிறது. அதற்கு மருந்து தேவையில்லை.

மிச்சமிருக்கும் ஆட்சேபணை தேர்வறையைச் சேர்ந்தது. குணமாகாதவர்களுக்கு அரசு சலுகை கொடுக்க வேண்டியிருக்கிறது, மற்ற மாணவர்களுக்கு அது அநியாயம், ஆகவே குணமாவது சமூகக் கடமை என்பது அது. மூன்று மணி நேரத்துக்குள் இத்தனை பக்கம் எழுத வேண்டும் என்பது இயற்கை வகுத்த விதியில்லை. தேர்வு நடத்துபவர்களின் வசதிக்காக வகுத்த விதி. வேதியியல் தெரியுமா என்று சோதிக்கும் தாள், எழுதும் வேகத்தையும் சேர்த்துச் சோதித்தால், கூடுதல் நேரம் அந்தப் பிழையைத் திருத்துகிறதே தவிர மதிப்பெண் தானம் செய்வதில்லை. மகாராஷ்டிரா 1996-லேயே இத்தகைய மாணவர்களுக்குத் தேர்வு ஏற்பாடுகளை அனுமதித்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் இதை அழுத்திச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குடிமைப் பணித் தேர்வருக்கு, 40 சதவீதக் குறைபாடு இல்லை என்பதால், சொல்வதை எழுதுபவர் மறுக்கப்பட்டது ஒன்று. டிஸ்கிராஃபியா உள்ள மாணவியிடம் நீட் தேர்வில் அவருக்கு உரிய கூடுதல் ஒரு மணி நேரத்தைக் கொடுக்காமல் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டது மற்றொன்று. இரண்டிலும் நியாயமான வசதி என்பது கருணை அல்ல, உரிமை என்றே நீதிமன்றம் கண்டது.

இந்தச் சலுகைக்கு நுழைவுச் சீட்டு சான்றிதழ். சான்றிதழ் வேண்டுமா என்பதும் ஒரு தெரிவு. மதிப்பெண்ணுக்காகப் பெற்றோர் வாங்கி வைக்கும் காகிதம், வகுப்பில் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். மொழிப்பாட விலக்கு வாங்கியவன் என்ற பேச்சும் வரும். சில மாணவர்கள் கூடுதல் நேரமே வேண்டாம், என்னால் முடிந்ததை எழுதுகிறேன் என்பார்கள். சிலர் எனக்கு நேரம் வேண்டும், ஆனால் வேறொருவர் எனக்காக எழுதுவது வேண்டாம் என்பார்கள். இந்த நுணுக்கம் அலுவலகப் படிவத்தில் எங்கும் இல்லை.

படிவத்தை மாற்ற ஒரு வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2018-இல் வெளியான மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிகள் இப்படி வகுத்தன: கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் எட்டு வயது நிரம்பிய பிறகே தரப்படும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு. 18-இல் தருவது வாழ்நாள் முழுவதும் செல்லும். ஆக, மூன்று முறை அந்தப் பிள்ளை உளவியலாளரின் மேசைக்கு எதிரே உட்காருகிறது. மூன்று முறையும் பத்தி வாசிக்கச் சொல்கிறார்கள், எழுத்துக்கூட்டச் சொல்கிறார்கள், பெருக்கல் கேட்கிறார்கள். அதே மேசையில் வேறு கேள்விகளையும் கேட்கலாம். எட்டு வயதில்: எந்தப் பயிற்சி பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, வகுப்பில் யாருக்கெல்லாம் தெரியலாம்? 14-இல்: பயிற்சி தொடரவேண்டுமா, மாத்திரை எடுக்கிறாய் என்றால் எப்படி இருக்கிறது, தேர்வில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம்? 18-இல் காகிதம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே கொடுத்து, யாரிடம் காட்டுவது என்பதை அவரிடமே விடலாம். இதற்குப் புதிய சட்டமோ புதிய பட்ஜெட்டோ வேண்டாம். மதிப்பீட்டு அறிக்கையில் ஒரு பக்கம் சேர்த்தால் போதும், பிள்ளை சொன்னது அதன் சொந்தச் சொற்களில் அந்தப் பக்கத்தில் பதிவாகும்படி.